உலோகக் கம்பியின் மின்தடை எண்ணைக் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கம்பியின் மின்தடை எண்ணைக் கணக்கிடும் சூத்திரத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அதே கம்பியைப் பத்துப் பேர் அளந்தால் பத்து விடைகள் வருகின்றன. சூத்திரத்தில் தவறு இல்லை, அதற்குள் போடும் எண்களில்தான் தவறு. பெரும்பாலான தவறுகள் விட்டத்தை அளப்பதிலும் கம்பியைக் கவ்வும் இடத்திலும் நேர்கின்றன. ஆகவே இந்தப் பக்கத்தில் இந்த இரண்டுக்கும் கூடுதல் இடம் தந்திருக்கிறோம்.

மின்தடைக்கும் மின்தடை எண்ணுக்கும் என்ன வேறுபாடு?

மின்தடை உங்கள் கையிலிருக்கும் அந்தக் கம்பித் துண்டுக்கு உரியது. துண்டை இரண்டாக வெட்டினால் மின்தடையும் பாதியாகும். மின்தடை எண் அந்தக் கம்பி எந்த உலோகத்தால் ஆனதோ அந்த உலோகத்துக்கு உரியது. வெட்டினாலும் சுருட்டினாலும் அது மாறாது, வெப்பநிலை மாறினால் மாறும். சில நூல்கள் இதையே மின்தடைத்திறன் என்றும் தன்மின்தடை என்றும் குறிக்கின்றன. மூன்றும் ஒன்றுதான்.

சூத்திரம் என்ன? அலகு ஏன் ஓம் மீட்டர்?

மின்தடை எண் = மின்தடை × குறுக்குவெட்டுப் பரப்பு ÷ நீளம்

மின்தடை ஓமில், பரப்பு சதுர மீட்டரில், நீளம் மீட்டரில். சதுர மீட்டரை மீட்டரால் வகுத்தால் மீட்டர் மிஞ்சும். அதனால் அலகு ஓம் மீட்டர். 'ஒரு மீட்டருக்கு இத்தனை ஓம்' என்று இதைப் படிப்பது தவறு. ஓமையும் மீட்டரையும் பெருக்கி வருவது இது, வகுத்து வருவதல்ல.

வட்டக் கம்பியின் பரப்பை இப்படிக் கணக்கிடுவது நல்லது:

பரப்பு = 0.7854 × விட்டம் × விட்டம்

0.7854 என்பது π (பை) என்ற எண்ணின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கு. திருகு அளவி (ஸ்க்ரூ கேஜ்) தருவது விட்டத்தைத்தான். அதை ஆரமாக்க மறந்து நான்கு மடங்கு விடையைப் பெறுவோர் ஏராளம். விட்டத்தை நேராகப் போட்டால் அந்தத் தவறுக்கே வழியில்லை.

இன்னொரு வசதி: விட்டத்தை மில்லிமீட்டரிலேயே வைத்துக்கொண்டு பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் எடுங்கள். நீளம் மீட்டரில் இருக்கட்டும். கடைசியில் வரும் எண்ணை 10⁻⁶ ஆல் பெருக்கினால் ஓம் மீட்டர் கிடைத்துவிடும். கணக்கின் நடுவில் பத்தின் அடுக்குகளைச் சுமந்து திரிய வேண்டியதில்லை.

எந்தக் கம்பியில் தொடங்குவது?

கான்ஸ்டன்டன் (தாமிரமும் நிக்கலும் கலந்தது) அல்லது நிக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்தது). தாமிரம் வேண்டாம், குறைந்தது முதல் முறைக்கு வேண்டாம்.

காரணத்தை எண்களில் பாருங்கள். எஸ்.டபிள்யூ.ஜி. (கம்பித் தடிமனைக் குறிக்கும் பிரிட்டன் அளவுமுறை) 28 கம்பியின் விட்டம் 0.376 மி.மீ., பரப்பு 0.111 ச.மி.மீ. இந்த அளவில் ஒரு மீட்டர் கான்ஸ்டன்டனின் மின்தடை ஏறத்தாழ 4.4 ஓம். அதே அளவுத் தாமிரத்துக்கு 0.155 ஓம் மட்டுமே. கவ்விகளும் இணைப்புக் கம்பிகளும் சேர்ந்தே 0.1 முதல் 0.5 ஓம் வரை தரக்கூடும் என்பதால் தாமிரத்தின் மின்தடை அதில் மூழ்கிப்போகிறது. மேலும் தாமிரம் சற்றே சூடானாலும் மின்தடை ஏறும். கான்ஸ்டன்டனில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. தாமிரத்தை அளக்கும் வழி தனிக் கேள்வியாகக் கீழே இருக்கிறது.

கம்பி ஒன்றரை மீட்டர் இருந்தால் ஒரு மீட்டரை வசதியாக அளக்கலாம். மடிப்பும் முறுக்கும் இல்லாத கம்பியாக இருக்க வேண்டும்.

என்னென்ன தேவை? சுற்றை எப்படி அமைப்பது?

1.5 வோல்ட் பெரிய மின்கலம் ஒன்று, 0 முதல் 20 ஓம் வரையிலான மின்தடை மாற்றி, சாவி, அம்மீட்டர், வோல்ட்மீட்டர், மீட்டர் அளவுகோல், திருகு அளவி, முதலைவாய்க் கவ்விகள், நுண்ணிய உப்புத்தாள். அளவிகளுக்கு இரண்டு மல்டிமீட்டர்கள் போதும்.

மின்கலம், சாவி, மின்தடை மாற்றி, அம்மீட்டர், கம்பி இவை அனைத்தும் ஒரே வரிசையில் தொடராக வரட்டும். வோல்ட்மீட்டரின் இரு முனைகளும் கம்பியைப் பிடிக்கும் இரு கவ்விகளில் மட்டும் அமர வேண்டும். அம்மீட்டரையும் உள்ளடக்கி இணைத்துவிடாதீர்கள். மல்டிமீட்டரின் 200 மில்லிஆம்பியர் வீச்சில் உள்தடை ஒரு ஓம் அளவுக்கு இருப்பதுண்டு. அது முழுவதும் கம்பியின் கணக்கில் ஏறிவிடும்.

மின்னோட்டத்தை 0.15 ஆம்பியருக்குப் பக்கத்தில் வையுங்கள். 200 மில்லிஆம்பியருக்கு மேல் போனால் மல்டிமீட்டரின் உருகி போய்விடலாம். அதற்குப் பயந்து 10 ஆம்பியர் துளைக்கு மாற்றினால், பல மீட்டர்கள் அங்கே 0.01 ஆம்பியர் படியில்தான் காட்டும். 0.15இல் 0.01 என்பது ஏறத்தாழ 7 விழுக்காடு, அந்த அளவீட்டால் பயனில்லை.

படிப்படியாக எப்படி அளப்பது?

கம்பியை மீட்டர் அளவுகோலின் மேல் நேராக இழுத்து, இரு முனைகளிலும் ஒட்டுநாடாவால் பிடித்து வையுங்கள். தளர்ந்து தொங்கக் கூடாது, நீளும்படி இறுக்கவும் கூடாது. கவ்வி தொடும் இடங்களை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ஒரு கவ்வியைச் சுழிக் குறியில் நிரந்தரமாக வையுங்கள். மற்றதை 20, 40, 60, 80, 100 செ.மீ. என நகர்த்துங்கள். கவ்வியின் வாய் அகலமாக இருந்தால் நீளத்தை அதன் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை எடுக்க வேண்டும், ஏனெனில் மின்னோட்டம் அங்கிருந்துதான் கம்பிக்குள் மட்டும் ஓடத் தொடங்குகிறது.

ஒவ்வொரு நீளத்திலும் மின்தடை மாற்றியைத் திருப்பி மின்னோட்டத்தை மீண்டும் 0.150 ஆம்பியருக்குக் கொண்டுவாருங்கள். சாவியை அழுத்தி, படித்து, உடனே விடுங்கள். தொடர்ந்து மூடி வைத்தால் கம்பி சூடாகும், மின்கலமும் தளரும்.

கான்ஸ்டன்டன் கம்பியில் வரக்கூடிய அளவீடுகள் இப்படி இருக்கும்:

20 செ.மீ.: 0.141 வோல்ட், 0.94 ஓம்
40 செ.மீ.: 0.274 வோல்ட், 1.83 ஓம்
60 செ.மீ.: 0.406 வோல்ட், 2.71 ஓம்
80 செ.மீ.: 0.538 வோல்ட், 3.59 ஓம்
100 செ.மீ.: 0.671 வோல்ட், 4.47 ஓம்

நீளத்தைக் கிடை அச்சிலும் மின்தடையைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைபடம் வரையுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் அமையும். கோட்டின் சாய்வு (4.47 − 0.94) ÷ 0.80 = 4.41 ஓம், ஒரு மீட்டருக்கு. இதைப் பரப்பால் பெருக்கினால் 4.41 × 0.111 × 10⁻⁶ = 4.9 × 10⁻⁷ ஓம் மீட்டர். கான்ஸ்டன்டனுக்கு நூல்கள் தரும் மதிப்பும் 4.9 × 10⁻⁷ தான்.

ஒரே நீளத்தில் அளந்து கணக்கிட்டால் போதாதா? எதற்கு வரைபடம்?

மேலே உள்ள அளவீடுகளிலேயே விடை இருக்கிறது. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது சுழியில் போய்ச் சேராமல் 0.06 ஓமில் செங்குத்து அச்சை வெட்டுகிறது. கம்பியின் நீளம் சுழியாக இருக்கும்போதும் 0.06 ஓம் எங்கிருந்து வந்தது? கவ்விகள் கம்பியைத் தொடும் இடங்களிலிருந்து. இதைத் தொடுதடை என்கிறோம்.

20 செ.மீ. அளவீட்டை மட்டும் எடுத்துக் கணக்கிட்டிருந்தால் 0.94 ÷ 0.20 × 0.111, அதாவது 5.2 × 10⁻⁷ வந்திருக்கும். 6 விழுக்காட்டுக்கும் மேல் அதிகம். 100 செ.மீ. மட்டும் எடுத்திருந்தால் ஒரு விழுக்காடு சொச்சம் அதிகம். சாய்வை எடுத்தால் தொடுதடை எல்லாப் புள்ளிகளிலும் சமமாகச் சேர்ந்திருப்பதால் கழிந்து போய்விடுகிறது. ஐந்து விடைகளைக் கண்டு சராசரி எடுப்பது இதற்கு ஈடாகாது. ஐந்துமே ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்போது சராசரியும் அந்தப் பக்கமே சாயும்.

இதனாலேயே கோட்டை வலிந்து ஆதிப்புள்ளி வழியாக வரையக் கூடாது. அப்படி வரைந்தால் வரைபடம் வரைந்ததன் பயனே போய்விடும். வெட்டுத்துண்டு (கோடு செங்குத்து அச்சை வெட்டும் மதிப்பு) 0.3 ஓமுக்கு மேல் வந்தால் கவ்விகளில் துருவோ அழுக்கோ இருக்கிறதா, அம்மீட்டர் உள்ளே சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் கவ்வி வெவ்வேறு அழுத்தத்தில் கவ்வினால் தொடுதடையும் மாறும், புள்ளிகள் கோட்டைவிட்டுச் சிதறும். கவ்வியின் பற்கள் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

விட்டத்தை எப்படி அளப்பது? ஏன் அதற்கு இத்தனை அழுத்தம்?

விட்டம் சூத்திரத்தில் இருமடியாக வருகிறது. விட்டத்தில் 3 விழுக்காடு தவறினால் விடையில் 6 விழுக்காடு தவறும். திருகு அளவியின் மீச்சிற்றளவு (அதில் படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 மி.மீ. என்றால் 0.38 மி.மீ. கம்பியில் அது மட்டுமே 2.6 விழுக்காடு. நீளத்தை அளவுகோலில் 2 மி.மீ. பிழையோடு எடுத்தாலும் ஒரு மீட்டரில் அது 0.2 விழுக்காடுதான். பலர் நீளத்தை மூன்று முறை அளந்துவிட்டு விட்டத்தை ஒரே முறை அளக்கிறார்கள். அதைத் தலைகீழாக்க வேண்டும்.

முதலில் சுழிப்பிழை. தாடைகளைத் துடைத்து, ஒன்றையொன்று தொடும்வரை மூடுங்கள். தலைக்கோலின் (சுழலும் உருளையிலுள்ள அளவுகோல்) சுழி, குறிப்புக்கோட்டுக்கு நேராக நின்றால் பிழை இல்லை. சுழி கோட்டுக்குக் கீழே நின்றால் நேர்க்குறிப் பிழை, படித்த அளவிலிருந்து கழிக்க வேண்டும். மேலே நின்றால் எதிர்க்குறிப் பிழை, கூட்ட வேண்டும். 5 பிரிவு நேர்க்குறிப் பிழையைக் கவனிக்காமல் விட்டால் 0.376 என்பது 0.426 ஆகும். பரப்பு 28 விழுக்காடு கூடிவிடும்.

அடுத்தது அழுத்தம். திருகின் முனையிலுள்ள ராட்செட் குமிழைப் பிடித்தே மூடுங்கள். அது 'கிளிக்' என்று நழுவும் ஒலி கேட்டதும் நிறுத்துங்கள். தலைக்கோலைப் பிடித்து முறுக்கினால் மென்மையான கம்பி நசுங்கும், அளவு குறைவாக வரும்.

கம்பி நெடுக ஐந்து இடங்களில் அளங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளக்க வேண்டும். பழைய கம்பிகள் வட்டமாக இல்லாமல் சற்றே நீள்வட்டமாகியிருப்பது வழக்கம். பத்து அளவீடுகளில் சில 0.37, சில 0.38 என்று வரும். அவற்றின் சராசரி, ஒற்றை அளவீட்டைவிட உண்மைக்கு நெருக்கமானது.

உங்கள் திருகு அளவியின் புரியிடைத் தூரம் (ஒரு முழுச் சுற்றில் திருகு நகரும் தூரம்) 1 மி.மீ. தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பல அளவிகளில் அது 0.5 மி.மீ., தலைக்கோலில் 50 பிரிவுகள். அதில் அரை மில்லிமீட்டர்க் கோடு தெரிந்தும் சேர்க்காமல் விட்டால் விடை எங்கோ போய்விடும்.

கடைசியாக எனாமல். சுருள் சுற்றும் கம்பிகளில் ஒளி ஊடுருவும் பூச்சு உண்டு, பலரும் அதை வெறும் உலோகம் என்றே எண்ணிவிடுகிறார்கள். பூச்சு இருபுறமும் சேர்த்து 0.03 மி.மீ. இருந்தால் 0.376 மி.மீ. கம்பி 0.406 என்று காட்டும். மின்னோட்டம் ஓடாத அந்தப் பூச்சால் பரப்பு 16 விழுக்காட்டுக்கும் மேல் மிகைப்படும். விட்டம் அளக்கும் இடத்தில் பூச்சை மென்மையாக நீக்குங்கள். உலோகத்தையே தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருகு அளவி இல்லை. வேறு வழி உண்டா?

உண்டு, அதிலொன்று திருகு அளவியையே விஞ்சும். கம்பியை எடைபோடுவதுதான் அது.

பரப்பு = நிறை ÷ (அடர்த்தி × நீளம்)

5 மீட்டர் கான்ஸ்டன்டன் கம்பி 4.94 கிராம் இருக்கிறது என்று கொள்வோம். அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 8.9 கிராம். 4.94 ÷ (8.9 × 500) = 0.00111 ச.செ.மீ., அதாவது 0.111 ச.மி.மீ. 0.01 கிராம் காட்டும் தராசில் பிழை 0.2 விழுக்காடுதான். இருமடியாவது எதுவும் இங்கே இல்லை. கம்பி முழுதும் ஒரே தடிமனாக இல்லாவிட்டாலும் அதன் சராசரிப் பரப்பு தானாகவே வந்துவிடுகிறது. எனாமல் பூச்சின் அடர்த்தி உலோகத்தினுடையதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால், பூச்சோடு எடைபோட்டாலும் பிழை சிறிதாகவே இருக்கும். எந்த உலோகம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. தாமிரத்துக்கு 8.96, அலுமினியத்துக்கு 2.70, 80க்கு 20 விகித நிக்ரோமுக்கு 8.4 என்று எடுத்துக்கொள்ளலாம்.

மற்றொரு வழி, பென்சிலின் மேல் கம்பியை இடைவெளியில்லாமல் நெருக்கிச் சுற்றி, சுற்றுகளின் மொத்த அகலத்தை எண்ணிக்கையால் வகுப்பது. 20 சுற்றுக்கு 7.5 மி.மீ. அகலம் வரும். அளவுகோலில் அரை மில்லிமீட்டர் தவறினாலும் 6 விழுக்காட்டுக்கு மேல் பிழை. 50 சுற்றாக்கினால் அது 2.7 விழுக்காடாகக் குறையும். அவசரத்துக்கு இது உதவும், அவ்வளவுதான்.

கம்பிச் சுருளின் மேல் 28 என்று எழுதியிருக்கிறது. அதிலிருந்து விட்டத்தை எடுக்கலாமா?

எந்த 28 என்று தெரிந்தால் எடுக்கலாம். எஸ்.டபிள்யூ.ஜி. 28 என்றால் 0.376 மி.மீ., ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்க அளவுமுறை) 28 என்றால் 0.321 மி.மீ. இரண்டின் பரப்புகளுக்கும் இடையே 37 விழுக்காடு வேறுபாடு. சுருளில் இருப்பதை நீங்கள் அளந்ததோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

தாமிரக் கம்பியை மல்டிமீட்டரின் ஓம் வீச்சில் அளந்தேன். நூலில் உள்ளதைவிடப் பல மடங்கு வருகிறது. ஏன்?

நீங்கள் அளந்தது பெரும்பாலும் மல்டிமீட்டரின் ஆய்வுமுனைகளின் மின்தடை. இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பாருங்கள். 0.2 அல்லது 0.3 ஓம் காட்டும். ஒரு மீட்டர் தாமிரக் கம்பியோ 0.155 ஓம். கழித்துக்கொள்ளலாம்தான். ஆனால் முனைகளை அழுத்தும் விதத்துக்கேற்ப அந்த 0.2 மாறிக்கொண்டே இருக்கும், மீட்டரும் 0.1 ஓம் படியில்தான் காட்டும்.

இதற்கு நான்கு முனை முறையைக் கையாள வேண்டும். மின்னோட்டத்தைக் கம்பியின் இரு கோடிகளில் கவ்விகள் வழியே செலுத்துங்கள். அந்தக் கவ்விகளிலிருந்து சில சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, வோல்ட்மீட்டருக்கென்று தனியாக இரண்டு மெல்லிய முனைகளைத் தொடவையுங்கள். நீளம் என்று எடுக்க வேண்டியது இந்த உள்முனைகளுக்கு இடையிலான தூரத்தையே. வோல்ட்மீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகாஓம் என்பதால் அதன் முனைகளில் மின்னோட்டம் அநேகமாக ஓடுவதில்லை. ஓட்டம் இல்லாத இடத்தில் தொடுதடை எவ்வளவு இருந்தாலும் அழுத்த இழப்பு இல்லை. மின்னோட்டக் கவ்விகளின் தொடுதடையோ அளக்கும் பகுதிக்கு வெளியே நின்றுவிடுகிறது.

0.5 ஆம்பியர் செலுத்தினால் ஒரு மீட்டர் தாமிரத்தில் 77 மில்லிவோல்ட் கிடைக்கும். 200 மில்லிவோல்ட் வீச்சில் 0.1 மில்லிவோல்ட் வரை படிக்கலாம். இங்கே மின்னோட்டத்தை 10 ஆம்பியர் துளையில் அளக்க நேர்ந்தால் அந்த 0.01 ஆம்பியர் படியே 2 விழுக்காடு பிழை தரும். அதைத் தவிர்க்க, மதிப்பு துல்லியமாகத் தெரிந்த 1 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வைத்து, அதன் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தைப் படித்து மின்னோட்டத்தைக் கணக்கிடுங்கள். அந்த மின்தடை கால் வாட் வெப்பத்தைத் தாங்க வேண்டும், 1 வாட் வகையாக வாங்குவது பாதுகாப்பு.

ஒரு முறை மின்கலத்தின் முனைகளை மாற்றி, மின்னோட்டத்தைத் திருப்பியும் அளந்து, இரண்டின் சராசரி எடுங்கள். வெவ்வேறு உலோகங்கள் சேரும் இடங்கள் வெவ்வேறு வெப்பநிலையில் இருந்தால் வெப்ப மின்னியக்கு விசை என்ற சிறு மின்னழுத்தம் எழும். தாமிரமும் கான்ஸ்டன்டனும் சேருமிடத்தில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 40 மைக்ரோவோல்ட். திருப்பி அளந்தால் இது கழிந்துவிடும்.

மீட்டர் சமனச்சுற்றில் (மீட்டர் பாலத்தில்) அளப்பது மேலானதா?

விட்டத்தின் பிழை எந்த முறையிலும் அப்படியே நிற்கும் என்பதை மறக்காமல் கேட்டால், ஆம், மின்தடையை மட்டும் அது நன்றாகத் தரும். அம்மீட்டர், வோல்ட்மீட்டர் இரண்டின் பிழைகளும் இல்லாமல் போகின்றன.

இந்தப் பலகையில் ஒரு மீட்டர் நீளப் பாலக் கம்பியின் மேல் ஜாக்கி என்ற தொடுமுனையை வைத்து, கால்வனோமீட்டர் சுழி காட்டும் இடத்தைத் தேடுகிறோம். இடது முனையிலிருந்து அந்த இடம் வரையிலான தூரமே சமன்செய் நீளம். தெரியாத கம்பி இடது இடைவெளியிலும் தெரிந்த மின்தடை வலது இடைவெளியிலும் இருந்தால், தெரியாத மின்தடை = தெரிந்த மின்தடை × சமன்செய் நீளம் ÷ (100 − சமன்செய் நீளம்). 4 ஓம் வைத்து 52.4 செ.மீ.யில் சமநிலை வந்தால் 4 × 52.4 ÷ 47.6 = 4.40 ஓம்.

சமநிலைப் புள்ளி 30க்கும் 70க்கும் இடையில் விழும்படி தெரிந்த மின்தடையைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் 1 மி.மீ. தவறினால் விடையில் 0.4 விழுக்காடு தவறும். 90 செ.மீ.யில் அதே தவறு 1.1 விழுக்காடாகவும், 95இல் 2.1 ஆகவும் வளரும். பிறகு இரு மின்தடைகளையும் இடம் மாற்றி மீண்டும் அளந்து சராசரி எடுங்கள். பலகையின் இரு முனைகளிலுமுள்ள முனைத்தடை பெருமளவு நீங்கும். ஜாக்கியைக் கம்பியின் மேல் இழுக்கவே கூடாது, எடுத்து எடுத்து வைக்க வேண்டும். இழுத்தால் பாலக் கம்பி தேய்ந்து சீரான தடிமனை இழக்கும். இந்தச் சுற்று நம்பியிருப்பதே அந்தச் சீர்மையைத்தான்.

வெப்பநிலையைக் குறிக்க வேண்டுமா?

தூய உலோகம் என்றால் கட்டாயம். தாமிரத்தின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு ஏறும். நூல் மதிப்புகள் பெரும்பாலும் 20 டிகிரிக்கானவை. பதப்படுத்திய தாமிரத்துக்கு 1913இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் ஏற்ற தரமதிப்பு 20 டிகிரியில் 1.7241 × 10⁻⁸ ஓம் மீட்டர். உங்கள் அறை 32 டிகிரியில் இருந்தால் அது 1.80 × 10⁻⁸ ஆகிவிடும். நீங்கள் சரியாகவே அளந்தும் 'ஐந்து விழுக்காடு பிழை' என்று எழுதிக்கொள்வீர்கள்.

கான்ஸ்டன்டன், மாங்கனின் ஆகிய கலப்புலோகங்களில் இந்த மாற்றம் தாமிரத்தில் நூறில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். தர மின்தடைகளை இவற்றால் செய்வது அதனால்தான்.

விடையில் பிழையை எப்படி எழுதுவது?

ஒவ்வோர் அளவீட்டின் பிழையையும் விழுக்காடாக்கிக் கூட்டுங்கள், விட்டத்தினுடையதை மட்டும் இரட்டியுங்கள். நம் எடுத்துக்காட்டில் விட்டம் 2.7 × 2 = 5.4, நீளம் 0.2, மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டும் சேர்ந்து 0.3. மொத்தம் ஏறத்தாழ 6 விழுக்காடு. ஆகவே (4.9 ± 0.3) × 10⁻⁷ ஓம் மீட்டர். கணிப்பான் காட்டும் 4.8951 முழுவதையும் எழுதுவது பொருளற்றது, கடைசி மூன்று இலக்கங்களுக்கு உங்கள் திருகு அளவி பொறுப்பேற்காது.

இந்தக் கணக்கை அளவீட்டுக்கு முன்பே ஒரு முறை போட்டுப் பாருங்கள். மேலும் நல்ல வோல்ட்மீட்டர் தேடி அலைவதைவிட, கம்பியை எடைபோடுவது எவ்வளவு பயன் தரும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

விடை மிக விலகி வருகிறது. எங்கே தேடுவது?

எத்தனை மடங்கு விலகுகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். நான்கு மடங்கு அதிகம் என்றால் விட்டத்தை ஆரமாகப் போட்டிருக்கிறீர்கள். நான்கில் ஒரு பங்கு என்றால் ஏற்கெனவே பாதியாக்கிய ஆரத்தை விட்டத்தின் இடத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆயிரம் மடங்கு அதிகம் என்றால் சதுர மில்லிமீட்டரைச் சதுர மீட்டராக்க 10⁻⁶க்குப் பதில் 10⁻³ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். நூறில் ஒரு பங்கு என்றால் நீளம் சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டது. 27 விழுக்காடு அதிகம் என்றால் 0.7854ஐ மறந்திருக்கலாம், அல்லது மேலே சொன்ன சுழிப்பிழை. 15 முதல் 20 விழுக்காடு அதிகம் என்றால் எனாமலைச் சந்தேகியுங்கள். அளவிடும்போதே மின்னழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டு போனால் கம்பி சூடாகிறது.

கம்பியை இழுத்து இரு மடங்கு நீளமாக்கினால் மின்தடை எண் மாறுமா?

மின்தடை நான்கு மடங்காகும். நீளம் இரட்டிப்பாகிறது, கனஅளவு மாறாததால் பரப்பு பாதியாகிறது. மின்தடை எண் அநேகமாக அப்படியே இருக்கும். குளிர்நிலையில் இழுக்கும்போது படிக அமைப்பு குலைவதால் சிறிதே ஏறும். கடினமாக இழுத்த தாமிரத்தில் இது 2 முதல் 3 விழுக்காடு. தேர்வுக் கேள்விகளில் 'மாறாது' என்பதே விடை.

பல இழைகள் கொண்ட கம்பிக்கு?

ஓர் இழையைப் பிரித்து அதன் விட்டத்தை அளந்து, பரப்பை இழைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். மொத்தக் கட்டின் விட்டத்தை அளந்தால் இடையிலுள்ள காற்றும் பரப்பில் சேர்ந்துவிடும்.

மின்தடை எண்ணை வைத்து இன்ன உலோகம் என்று சொல்லிவிட முடியுமா?

தொலைவில் நிற்பவற்றைப் பிரிக்கலாம், அருகருகே இருப்பவற்றைப் பிரிக்க முடியாது. 20 டிகிரியில் சில மதிப்புகள், 10⁻⁸ ஓம் மீட்டரில்: வெள்ளி 1.59, தூய தாமிரம் 1.68, அலுமினியம் 2.65, டங்ஸ்டன் 5.6, இரும்பு 9.7, பிளாட்டினம் 10.6, மாங்கனின் 44 முதல் 48 வரை, கான்ஸ்டன்டன் 49, நிக்ரோம் 100 முதல் 110 வரை.

உங்கள் பிழை 6 விழுக்காடு என்றால் நிக்ரோமையும் கான்ஸ்டன்டனையும் குழப்பிக்கொள்ள வழியில்லை. ஆனால் மாங்கனினா கான்ஸ்டன்டனா என்று சொல்லவும் முடியாது. வெள்ளியும் தாமிரமும் அப்படியே. இரும்பும் பிளாட்டினமும் எண்ணில் நெருங்கியவை, ஆனால் ஒரு காந்தம் அந்த ஐயத்தை உடனே தீர்த்துவிடும்.

தூய உலோகமா கலப்புலோகமா என்ற ஐயத்துக்கு வெப்பம் நல்ல சோதனை. எனாமல் பூசிய கம்பியைச் சுருளாக்கி 20 டிகிரி நீரில் ஒரு முறையும் 70 டிகிரி நீரில் ஒரு முறையும் அளந்து பாருங்கள். தாமிரம் என்றால் மின்தடை ஏறத்தாழ 20 விழுக்காடு ஏறியிருக்கும். கான்ஸ்டன்டன் என்றால் உங்கள் மீட்டரில் மாற்றமே தெரியாது. செம்பு நிறத்தில் இருந்தும் மின்தடை எண் 2.6க்கும் 2.8க்கும் இடையே வந்தால், அது செம்புப் பூச்சிட்ட அலுமினியமாக இருக்கலாம். வெட்டிய முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரியும்.